செலவு யாருடையது, வரி யாருடையது: சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும்

நிதிப் பரவலாக்கம், அதாவது வரியும் செலவும் பற்றிய அதிகாரத்தை மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்கும் ஊர்களுக்கும் பிரித்துக் கொடுப்பது, பொருளாதார வளர்ச்சிக்கு உதவுமா என்ற விவாதத்தில், மொத்த அரசுச் செலவில் எவ்வளவு பங்கு மாநிலங்கள் வழியாகப் போகிறது என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் அண்ணன் தம்பி மாதிரி. வரி விதிக்கும் உரிமையைப் பார்த்தால் சாயலே இல்லை.

சுவிட்சர்லாந்தின் மாநிலங்களான 26 கன்டோன்களும் தத்தம் வருமான வரி விகிதத்தைத் தாமே முடிவு செய்கின்றன. கூட்டரசு, அதாவது மத்திய அரசு, நேரடி வரி வசூலிக்கும் உரிமைக்கோ அரசியல் சட்டம் 2035 வரை என்று கெடு வைத்திருக்கிறது! ஜெர்மனியின் 16 மாநிலங்கள் பள்ளி, காவல்துறை, பல்கலைக்கழகம் எனத் தாராளமாகச் செலவிடுகின்றன. ஆனால் வருமான வரியும் மதிப்புக் கூட்டு வரியும் நாடு முழுவதற்கும் ஒரே விகிதம். சொத்து கைமாறும்போது விதிக்கும் வரியின் விகிதத்தை மாற்றும் உரிமைகூட 2006இல்தான் மாநிலங்களுக்குக் கிடைத்தது. புதிய தொழிற்சாலையால் வரும் கூடுதல் வரியில் பெரும்பகுதி சமப்படுத்தலில் (வசதியான மாநிலங்களின் வருவாயில் ஒரு பங்கை வசதி குறைந்தவற்றுக்குப் பகிரும் முறை) கரைந்துவிடும் என்றால், மாநில அமைச்சர் எதற்காக மெனக்கெட வேண்டும்?

கடனில்தான் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கடனில் மூழ்கிய பிரேமன், சார்லாந்து ஆகிய மாநிலங்களுக்கு மற்றவர்கள் கைகொடுக்க வேண்டும் என்று ஜெர்மன் அரசியல் சட்ட நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. சுவிட்சர்லாந்தில் லாய்க்கர்பாத் என்ற சிற்றூர் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது, அதற்குக் கன்டோன் பொறுப்பல்ல என்று 2003இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. கடன் கொடுத்தவர்கள் நட்டத்தை ஏற்றார்கள். அடுத்த ஊருக்குக் கடன் கொடுப்பவர் அந்த ஊரின் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். பரவலாக்கம் வளர்ச்சி தரும் என்ற வாதத்தின் உயிர்நாடி, கொடுத்த கடன் திரும்பாமல் போகலாம் என்ற இந்தப் பயம்தான் என்பேன்.

சுவிஸ் முறைக்குக் கொடி பிடிக்கவில்லை. சூக் கன்டோன் வரியைக் குறைத்து நிறுவனங்களை இழுக்கும்போது, அதில் ஒரு பங்கு பக்கத்துக் கன்டோனின் இழப்பு. நாட்டுக் கணக்கில் அது வளர்ச்சி ஆகாது. பொருளியலாளர்கள் டாவூடியும் ஸூவும் 46 நாடுகளை வைத்து 1998இல் வெளியிட்ட ஆய்விலும், வளர்ந்த நாடுகளில் பரவலாக்கத்துக்கும் வளர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. அவர்கள் அளந்தது செலவின் பங்கை; வரி உரிமையை அளந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பது என் ஊகம்.

வரி உரிமை என்றாலே குறைந்த வரி என்று பொருளில்லை. ஸ்வீடனில் நகராட்சியும் பிராந்தியமும் சேர்ந்து விதிக்கும் வருமான வரி சராசரியாக 32 சதவீதத்தைத் தாண்டும். வலுவான சமப்படுத்தலும் உண்டு. ஜெர்மனி பின்பற்ற வேண்டுமென்றால் சூக்கைவிட ஸ்வீடனே பொருத்தம். ஆனால் 2020இல் ஜெர்மனி செய்தது வேறு: மாநிலங்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகப் பணம் கொடுப்பதை நிறுத்தி, சமப்படுத்தலை மதிப்புக் கூட்டு வரிப் பங்கீட்டுக்குள் புதைத்துவிட்டது. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பது இப்போது முன்னைவிட மங்கலாகத்தான் தெரிகிறது.