டிசி-3 முதல் ஏ380 வரை அலமாரியில் அடுக்க: 1:400-ஆ, 1:200-ஆ, 1:144 கிட்டா?

பிடித்த விமானத்தின் மாதிரி ஒன்றை வாங்கி மேஜையில் வைக்கிறவருக்கு இந்தக் குழப்பமே வராது. பயணிகள் விமானத்தின் கதையை பழைய ப்ரொப்பெல்லர் விமானமான டிசி-3 தொடங்கி வரிசையாக அடுக்க இறங்கினால்தான் ஸ்கேல் எது, அதாவது நிஜ விமானத்தில் எத்தனையில் ஒரு பங்கு (1:400 என்றால் நானூறில் ஒரு பங்கு) என்ற கேள்வி வந்து நிற்கும். நான் 1:400 டைகாஸ்ட் (உலோக வார்ப்பு மாதிரி) பக்கம் போனவன். ஆகவே கீழே இருப்பது நடுநிலையான தீர்ப்பு அல்ல.

தெரிந்த சங்கதிகளைச் சட்டென்று முடித்துவிடலாம். டைகாஸ்ட் வண்ணம் பூசியே வரும். பெட்டியைப் பிரித்து வைத்தால் போதும். 1:144 பிளாஸ்டிக் கிட் என்றால் நாமே ஒட்டி, இணைப்புக் கோட்டைத் தேய்த்து, வெள்ளை பெயிண்ட் பளபளக்க அடித்து, ஜன்னல் வரிசைக்கு டெகால் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்ட வேண்டும். 1:200 டைகாஸ்ட் பார்க்க அழகு, விலையும் கூடுதல்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே விஷயம்: வரிசை முழுவதும் ஒரே ஸ்கேலில் இருக்க முடியுமா? டிசி-3-ஐயும் 747-ஐயும் ஒரே நீளத்தில் செய்து விற்கும் பரிசுப் பொருட்கள் உண்டு. அவற்றை அடுக்கினால் வண்ணங்கள்தான் மாறும், கதை தெரியாது.

1:400-ல் டிசி-3 ஐந்து செ.மீ. கூட இல்லை. 1952-ல் ஜெட் பயணத்தைத் தொடங்கிய காமெட் 7 செ.மீ. 1958-ல் அமெரிக்க நிறுவனமான பான் ஆம் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு விட்ட 707, 11 செ.மீ. 1970-ல் சேவைக்கு வந்த 747 பதினேழரையைத் தாண்டிவிடும். அதற்கு 37 வருஷம் கழித்து வந்த ஏ380-ஐப் பக்கத்தில் வையுங்கள்: நீளத்தில் கூடியது அரை செ.மீ.தான்! இறக்கையின் முனைக்கு முனை அகலமோ 15-லிருந்து 20 செ.மீ. ஆகியிருக்கும். நிஜ விமானம் விமான நிலையங்களில் 80 மீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்ற வரம்பில் ஏ380 முட்டி நின்ற இடம் இதுதான்.

இன்னும் வேடிக்கை, ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்ட். 15 செ.மீ. நீளம், ஆனால் இறக்கை ஆறரை செ.மீ. கூட வராது. 1935-ல் முதன்முதலாகப் பறந்த டிசி-3-இன் இறக்கை அதைவிட அகலம். படித்துத் தெரிந்த எண்தான், பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் உறைத்தது. சின்ன விமானம் என்று பெயரெடுத்த 737-ம் அப்படித்தான். முதல் மாடல் 7 செ.மீ. சொச்சம், 737-900-க்கு வரும்போது பழைய 707-க்கு அரை செ.மீ. மட்டுமே குறைவு.

இதையே 1:200-ல் செய்யலாமே என்றால், செய்யலாம்; இடம் இருந்தால். ஏ380-க்கு மட்டும் 36 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் வேண்டும். 1:144-ல் அதன் இறக்கை 55 செ.மீ. புத்தக அலமாரியின் ஆழம் பெரும்பாலும் 30 செ.மீ.தான் இருக்கும். அப்புறம் என்ன நடக்கும்? பெரிய விமானங்களை மட்டும் சின்ன ஸ்கேலில் வாங்கிச் சமாளிப்போம். வரிசை அங்கேயே பொய்யாகிவிடும். சரி, இன்னும் சின்னதாக 1:500 போகலாமே என்றால், டிசி-3 நாலு செ.மீ.க்கும் கீழே போய்விடுகிறது.

1:400-ல் இழப்பும் உண்டு. 1984-ல் வந்த 737-300-இன் எஞ்சின் உறை, தரையில் இடிக்காமல் இருக்க அடியில் தட்டையாக்கப்பட்டது. இந்த அளவில் குனிந்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஏர் இந்தியா 747-இல் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் வரைந்த சிவப்பு வளைவுகளுக்கு 1:200 தான் நியாயம் செய்யும். ஒரே நிறுவனத்தின் விமானங்களை மட்டும் சேர்க்கிறவர் தயங்காமல் அதற்கே போகலாம்.

பராமரிப்பைப் பற்றிக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொல்வேன், ஏனெனில் 1:200-ல் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 1:400-க்குக் கண்ணாடிக் கதவும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஆண்டெனாவில் மட்டும் கை படக்கூடாது. மறுவிற்பனை மதிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், நான் இன்னும் எதையும் விற்றதில்லை.

கிட்டை நான் அடியோடு ஒதுக்கவில்லை. காமெட்டின் நான்கு எஞ்சின்களும் இறக்கை அடிக்குள்ளேயே புதைந்திருக்கும். அந்தக் காற்று வாய்களை 7 செ.மீ. மாதிரியில் ரசிக்க முடியாது. ஏர்ஃபிக்ஸின் 1:144 காமெட் 4பி கிட் ஒன்றைக் கட்ட வேண்டும் என்று ஆசை இருக்கிறது. கட்டினால் அதற்கு வேறு தட்டுதான். வரிசையில் சேர்க்க மாட்டேன்.