ஆலவாயனா, அர்த்தநாரியா?

பெருமாள்முருகனின் மாதொருபாகன் (2010) முடிந்ததும் எல்லாருக்கும் வருகிற குழப்பம்தான். பிள்ளையில்லாத காளி–பொன்னா தம்பதியின் கதை அது. பிள்ளைக்காகப் பொன்னா கோயில் திருவிழாவுக்குப் போனது தெரிந்து, காளி பூவரச மரத்தடியில் உடைந்துபோய்க் கிடப்பதோடு கதை நின்றுவிடுகிறது. 2014இல் அதற்கு இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார், ஆலவாயனில் காளி சாகிறான், அர்த்தநாரியில் பிழைத்துக்கொள்கிறான். எதை எடுப்பது?

துக்கம்:
ஆலவாயன்: செத்தவனுக்கான அழுகை. வயிற்றில் பிள்ளையோடு பொன்னா தனியாக நிற்கிறாள்.
அர்த்தநாரி: உயிரோடு இருப்பவனை இழக்கிற வலி. காளி அவளோடு பேசுவதே இல்லை.

எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறைத்தது, ஏனென்றால் சாவுக்காவது ஊர் கூடி ஒப்பாரி வைக்கும், வீட்டுக்காரர் உயிரோடு இருந்தும் பேசாமல் இருப்பதற்கு யார் வந்து துக்கம் கேட்பார்கள்?

குடும்பம்:
ஆலவாயன்: மாமியார் சீராயி, அம்மா வல்லாயி, பொன்னா என்று பெண்கள் தாங்கிப் பிடிக்கிற வீடு. சீராயிக்காகவே படிக்கலாம்.
அர்த்தநாரி: கணவன் மனைவிக்கு நடுவே மாட்டிக்கொண்டு எல்லாரும் தவிக்கிறார்கள்.

வாசிப்பு: இரண்டிலும் கொங்குப் பேச்சுதான், பத்துப் பக்கத்தில் பழகிவிடும். முதல் நாவலைப் படிக்காமல் மட்டும் எதையும் தொடாதீர்கள்.

சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்தவர் ஆலவாயனைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அப்புறம் எடுத்தால் ஆறுதலாகவே இருக்கும். மனம் விட்டுப் பேச முடியாத உறவில் இருப்பவருக்கு அர்த்தநாரி. நான் ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் படித்தேன், அடுத்தடுத்துப் படித்தால் காளி செத்தானா இருக்கிறானா என்று குழம்பிவிடும்.