கூட்டாக வாங்கிய சொத்து: விலகும்போது விலையை யார் சொல்வது?

இருவர் சேர்ந்து இடமோ கட்டடமோ வாங்கும்போது லாபப் பங்கைக் கவனமாக எழுதிவிடுகிறார்கள். ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்குக்கு என்ன விலை என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு.

ஒன்று, ஒருவர் விலை சொல்ல, மற்றவர் முடிவெடுப்பது. அந்த விலைக்கு அவர் தன் பங்கை விற்கலாம், இல்லையென்றால் விலை சொன்னவரின் பங்கை வாங்கிக்கொள்ளலாம். குறைத்துச் சொன்னால் தன் பங்கே அந்த விலைக்குக் கைமாறிவிடும் என்ற பயம் இருப்பதால் பெரும்பாலும் நியாயமான விலை வரும். சீக்கிரமும் முடியும். ஆனால் இருவர் கையிலும் பணம் இருந்தால்தான் இது சரிவரும். 100 பெறும் பங்குக்கு வசதியானவர் 70 என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு 30 நாள்தான் என்றால் மற்றவரால் 70 புரட்ட முடியாது. அநியாயம் என்று தெரிந்தே விற்பார்.

இன்னொன்று, மதிப்பீட்டாளரிடம் விடுவது. செலவும் தாமதமும் உண்டு. ஆளுக்கொரு மதிப்பீட்டாளர், இரண்டு மதிப்புக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் என்றால் சராசரி, தாண்டினால் மூன்றாமவர் சொல்வதே முடிவு என்று எழுதிவிட்டால் இழுபறி குறையும். எந்தத் தேதியின் மதிப்பு, கடனைக் கழித்தா கழிக்காமலா என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

வசதியில் ஏற்றத்தாழ்வு இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்புறம், எதை எடுத்தாலும், வங்கிக் கடனுக்கு விலகுபவர் கொடுத்த ஜாமீன் விடுவிக்கப்பட்ட பிறகே பங்கு கைமாறும் என்று ஒரு வரி சேருங்கள்.