வெளிநாட்டுப் பாடசாலை தரும் வீடு: கடிதத்தில் எத்தனை சதுர அடி, உள்ளே எத்தனை?

வேலைக் கடிதத்தில் 'சிங்கிள் அக்கொமடேஷன்' என்று கண்டதும் தனி அறை கிடைத்துவிட்டது என்று நம்பிக் கையெழுத்து வைப்பவர்கள் பலர். பாடசாலைகள் பெரும்பாலும் அந்தச் சொல்லைக் குடும்பத்தைக் கூட்டிவராத ஆசிரியருக்குரிய தங்குமிடம் என்ற கருத்தில்தான் எழுதுகின்றன. மூன்று அறை வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் அது 'சிங்கிள்'தான். 'ஷெயாரிங்' என்ற சொல்லும் இப்படித்தான் மயக்கும். வீட்டைப் பங்கிடுவதா, அறையைப் பங்கிடுவதா என்று அதில் இருக்காது. சதுர அடியைக் கேட்க முன்பு இந்த இரண்டையும் எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 900 சதுர அடி என்பது காதுக்குப் பெரிய வீடு. அதில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு 150 சதுர அடி. குசினி, குளியலறை, நடைபாதை எல்லாம் அந்த 150க்குள் அடக்கம்.

கொழும்பிலிருந்து படிப்பிக்கப் போகிறவர்களுக்கு துபாய், மாலைதீவு, சீனா ஆகிய இடங்களில் கிடைக்கும் வீடுகளையே இங்கே முக்கியமாக எடைபோடுகிறோம். வாடகை கட்டத் தேவையில்லை என்பதால் பலர் இதை இலவசமாக நினைக்கிறார்கள். இது சம்பளத்தின் ஒரு பகுதி. அறை சிறிதானால் சம்பளமும் அந்தளவு குறைந்தது என்றுதான் கணக்கு.

முதலில் அளவுகோல். காணியைப் பேர்ச்சில் அளந்து பழகிய நமக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, அதாவது 25.29 சதுர மீற்றர். ஆகவே '25 சதுர மீற்றர்' என்று பாடசாலை எழுதினால் ஒரு பேர்ச் நிலத்தை மனதில் வையுங்கள். 50 என்றால் இரண்டு பேர்ச். துல்லியமாக வேண்டுமென்றால் சதுர மீற்றரை 10.764 ஆல் பெருக்குங்கள்.

அடுத்தது, எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்ற கேள்வி. வரைபடத்தில் 10 அடிக்கு 10 அடி என்று இருக்கும் அறை சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்ததாக இருந்தால், 8 அங்குலச் சுவரில் ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் போய்விடும். மிஞ்சுவது 9 அடி 4 அங்குலம். 100 சதுர அடி 87 ஆகிவிடும். மூலையில் ஒரு தூண் உள்ளே தள்ளி நின்றால் அலுமாரிக்கு வைத்திருந்த இடமும் போகும்.

துபாயில் தனியாகப் போகிறவருக்குத் தரப்படும் ஸ்டூடியோ (கட்டிலும் குசினியும் ஒரே அறைக்குள் உள்ள வீடு) பெரும்பாலும் 350 முதல் 500 சதுர அடி வரை இருக்கும். ஒன்றரைப் பேர்ச்சுக்குக் கிட்ட. இந்த மூன்று இடங்களிலும் தனி ஆளுக்கு வாய்க்கக்கூடிய நல்ல ஏற்பாடு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்: கதவைப் பூட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் உங்களுடையது. ஆனால் சொல்லப்படும் பரப்பில் பல்கனியும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். 400 சதுர அடியில் 4 அடிக்கு 12 அடி பல்கனி ஒன்று இருந்தால் 48 சதுர அடி வெளியே போய்விட்டது. கோடைகாலப் பகலில் அங்கே உடுப்புக் காயப்போடலாம், உட்கார முடியாது. அங்குள்ள வாடகை ஒப்பந்தப் படிவத்தில் பரப்பைச் சதுர மீற்றரில் எழுத ஓர் இடம் உண்டு. அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கான் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகைத் தொகையை மறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை.

அதோடு கேட்க வேண்டியது குளிரூட்டும் செலவு. கட்டடம் முழுவதற்கும் பொதுவான குளிரூட்டல் இருந்தால் அதற்குத் தனி பில் வரும். 'சில்லர் ஃப்ரீ' என்றால் அந்தச் செலவு வாடகைதாரர் தலையில் இல்லை என்று பொருள். துபாயின் மின்-நீர் அதிகாரசபையான தீவா அனுப்பும் பில்லில் வருட வாடகையின் 5 வீதம் வீட்டுக் கட்டணமாக மாதாமாதம் பிரித்துச் சேர்க்கப்படும். வீடு பெரிதாக ஆக இந்த இரண்டும் ஏறும். பெரிய வீட்டைத் தந்து பில்லை ஆசிரியரிடம் விடும் பாடசாலையை விட, சிறிய ஸ்டூடியோவைத் தந்து பில்லையும் தானே கட்டும் பாடசாலை மேல். வீட்டுக்குப் பதிலாகக் காசு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே வாடகையைப் பெரும்பாலும் சில காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வைப்புப் பணமும் தரகும் வேறு. மாதாமாதம் வரும் படியைக் கொண்டு முதல் மாதமே அதைச் சமாளிப்பது கடினம்.

மாலைதீவில் பெரும்பாலும் வீடு என்று கேட்க முடியாது, அறை என்றே கேட்க வேண்டும். மாலே நகரத்தில் காணித் துண்டுகள் சிறியவை, கட்டடங்கள் ஒடுங்கி உயர்ந்தவை. அறையின் நீள அகலம் சரியாக இருந்தும் யன்னலைத் திறந்தால் மூன்றடி தள்ளிப் பக்கத்துச் சுவர் நிற்கும். பகலிலும் விளக்குப் போட வேண்டிய 120 சதுர அடியை விட, காற்று வரும் 90 சதுர அடி நல்லது. ஆகவே மாலேயில் அறை கிடைத்தால் முதல் கேள்வி யன்னல் எதைப் பார்க்கிறது என்பதாக இருக்கட்டும். 2018இல் மாலேயோடு இணைக்கும் பாலம் திறந்த பிறகு, பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலே தீவில் இருந்துகொண்டு மாலேயில் படிப்பிப்பது இயலக்கூடிய காரியம். அறையும் வெளிச்சமும் அங்கே கூடும், பதிலுக்கு பஸ் பயண நேரமும் கூடும்.

வெளித் தீவுகளில் நிலைமை தலைகீழ். அறை பெரிதாகவும் முற்றத்தோடும் இருக்கலாம். குறை குசினியில்தான் வரும். நான்கு ஆசிரியருக்கு ஓர் அடுப்பு, ஒரு குளிர்சாதனப் பெட்டி என்றால் காலை ஆறு மணிக்கு அங்கே வரிசைதான். சாமான் படகில் வருகிற இடம் என்பதால் அரிசி, பருப்பு, மா எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வைக்க வேண்டியிருக்கும். பூட்டக்கூடிய அலுமாரித் தட்டு ஒன்றாவது ஆளுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் தரும் நிறுவனம் மாலேயில் ஸ்டெல்கோ, பெரும்பாலான வெளித் தீவுகளில் ஃபெனக்கா. ஏசி ஓடும் அறையில் அந்தப் பில் யார் பெயரில் வருகிறது என்பது அறையின் அளவுக்குச் சமமான விடயம்.

சீனாவில் எழுதப்படும் எண் பெரிது, கிடைக்கும் தரை சிறிது. காரணம், படிக்கட்டு, லிப்ட், பொது நடைபாதை ஆகியவற்றை எல்லா வீடுகளுக்கும் பங்கிட்டு ஒவ்வொன்றின் பரப்போடும் சேர்ப்பது. இதற்கு அங்கே 'கொங்தான்' என்று பெயர். லிப்ட் உள்ள உயர்ந்த கட்டடத்தில் 60 சதுர மீற்றர் என்றால் உள்ளே 45 அளவில் எதிர்பார்க்கலாம். லிப்ட் இல்லாத பழைய கட்டடங்களில் இழப்பு குறைவு. பாடசாலை வளாகத்துக்குள் இருக்கும் பழைய ஆசிரியர் குடியிருப்பைப் படத்தில் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்: எண்ணில் சிறிதாகத் தெரியும் அது, உள்ளே நடந்து பார்த்தால் புதிய கோபுர வீட்டுக்குக் குறைந்ததாக இராது. அங்கே குளியலறையைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஷவருக்கும் மலசலகூடத்துக்கும் நடுவில் தடுப்பே இல்லாத வீடுகள் உண்டு. குளித்தால் முழுத் தரையும் நனையும், வொஷிங் மெஷினும் அதே அறையில்தான் நிற்கும்.

கொரியா, ஜப்பான் பற்றிச் சுருக்கமாக. கொரியாவில் மக்கள் பேச்சில் இன்னும் 'பியொங்' உயிரோடு இருக்கிறது. ஒன்று 3.3 சதுர மீற்றர், ஏறக்குறைய 35.6 சதுர அடி. 7 பியொங் அறை ஒரு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானில் அறையைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். வீட்டு விளம்பரங்களில் ஒரு பாய் குறைந்தது 1.62 சதுர மீற்றர் என்று கொள்ளப்படும். ஆறு பாய் அறை 105 சதுர அடி, நம்முடைய பத்துக்குப் பத்து அறையின் அளவுதான்.

படங்களை நம்புவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கைப்பேசியின் 0.5 லென்ஸில் (அகன்ற கோண லென்ஸ்), வாசல் மூலையில் நின்று எடுத்தால் பத்தடி அறை மண்டபம் போலத் தெரியும். கண்டுபிடிப்பது எளிது: படத்தின் ஓரத்தில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியோ கதவோ அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் அது அந்த லென்ஸ்தான். அளவெடுக்கத் தரையில் உள்ள டைல்களை எண்ணுங்கள். 60 செ.மீ. டைல் என்றால் ஐந்து டைல் 3 மீற்றர், பத்தடிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 30, 40, 80 செ.மீ. டைல்களும் உண்டு, சீனாவில் 80 சாதாரணம். ஆகவே டைலின் மேல் ஒரு ஏ4 தாளை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதன் நீளப்பக்கம் 29.7 செ.மீ. இரண்டு தாள் நீளத்துக்கு டைல் சரியாக வந்தால் அது 60. கட்டிலை வைத்து அளக்கப் போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சீனாவில் இரட்டைக் கட்டில் 1.5 மீற்றராகவும் இருக்கும், 1.8 மீற்றராகவும் இருக்கும். தவறான ஒன்றை எடுத்துக்கொண்டால் அறையின் நீளமும் அகலமும் ஐந்தில் ஒரு பங்குவரை பிழையாகிவிடும்.

இதைவிட நம்பிக்கையானது வீடியோ. சாதாரண லென்ஸில், வெளி வாசலில் தொடங்கி, வெட்டாமல், ஒவ்வொரு கதவையும் முழுதாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கதவு கட்டிலில் இடிக்கிறதா, அலுமாரிக் கதவு திறக்க இடமிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

இனி அறைக் கணக்கு. ஒற்றைக் கட்டில் 6க்கு 3 அடி, 18 சதுர அடி. அலுமாரி 4க்கு 2, மேசை 4க்கு 2. கதிரையைப் பின்னால் இழுக்க மூன்றடி, நடக்க இரண்டரை அடி. 100 சதுர அடி அறையில் இவையெல்லாம் ஒருவருக்கு அளவாக அடங்கும். அதே அறையில் இருவர் என்றால் மேசைகளில் ஒன்று போக வேண்டும். கொப்பி திருத்துகிற தொழிலில் மேசை இல்லாத அறையை அறை என்று ஏற்கக் கூடாது. இருவருக்கு 140க்குக் குறைந்தால் மறுத்துப் பேசுங்கள். குசினியில் மேடையின் நீளத்தைக் கேளுங்கள்: அடுப்புக்கு இரண்டடி, சிங்குக்கு இரண்டடி, வெட்ட இரண்டடி, ஆக மொத்தம் ஆறடி. ஸ்டூடியோவில் கட்டிலும் அடுப்பும் ஒரே அறைக்குள் என்பதால் புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உள்ளேயே விடுகிறதா என்பதும் முக்கியம். திரும்ப விடுவதாயின் மீன்குழம்பு வாசம் மெத்தையிலேயே தங்கும்.

இவற்றைக் கேட்கும் நேரம், வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய முன், டிக்கெட் போட முன். அதற்குப் பிறகு கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும். மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை: கட்டடத்தின் பெயர், மாடி, வீட்டு இலக்கம், பூட்டக்கூடிய அறையின் சுவர் முதல் சுவர் வரையான நீளம், அகலம், உயரம், குளியலறையை எத்தனை பேர் பாவிக்கிறார்கள், மின்சாரம், தண்ணீர், குளிரூட்டல், இணையம் யார் கணக்கில், பாடசாலைக்கு எவ்வளவு தூரம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் 'அல்லது அதற்கு இணையான தங்குமிடம்' என்று ஒரு வரி இருக்கும். காட்டிய வீட்டை மாற்ற அந்த வரி இடம் கொடுக்கிறது. அதை நீக்கச் சொன்னால் பாடசாலை சம்மதிப்பது அரிது. அதன் பக்கத்தில் 'குறைந்தது இத்தனை சதுர மீற்றர் தனி அறை' என்று ஓர் எண்ணைச் சேர்க்கச் சொன்னால் பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

போய்ச் சேர்ந்த அன்று, பெட்டியைத் திறக்க முன், அளவு நாடாவைத் தரையில் விரித்து அறையை அளந்து வீடியோ எடுங்கள். சாவியோடு தரும் பொருட்பட்டியலில் கையெழுத்து வைக்கும்போது அந்த அளவையும் திகதியையும் உங்கள் கையால் அதே தாளில் எழுதி, அதை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.