கிராஸா, பாஸா, கோ த்ரூவா?

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அனுப்பும் ஆபீஸில் வேலை என்றால், வண்டி எங்கே நிற்கிறது என்று வெளிநாட்டு ஏஜென்ட்களுக்கு ஆங்கிலத்தில் தகவல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிரைவர் போனில் "மணலி கிராஸ் பண்ணிட்டேண்ணே" என்பார். ஆபீஸில் அதையே 'கிராஸ்டு மணலி' என்று தட்டி அனுப்புவதுதான் வடசென்னை முழுக்க வழக்கம். நான் இப்போது 'கிராஸ்' பக்கம் அதிகம் போவதில்லை. 'கோ'வைப் போட்டு, கூடவே த்ரூ, பாஸ்ட், அக்ராஸ் என்று பொருத்தமான ஒன்றைச் சேர்க்கிறேன்.

கிராஸில் குறையே இல்லை என்று சொல்லக்கூடிய இடங்கள் உண்டு. குறுக்கே கிடக்கும் ஒன்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கடந்தால் கிராஸ்தான். பக்கிங்ஹாம் கால்வாய், கொருக்குப்பேட்டை கேட்டில் தண்டவாளம், மாநில எல்லை, எல்லாம் இதில் சேரும். பின்னால் ப்ரெபொசிஷன் (த்ரூ, பாஸ்ட் மாதிரித் துணைச்சொல்) வேண்டாம், இறந்த காலத்திலும் தொல்லை இல்லை. ஆனால் நாம் 'தாண்டி' என்று சொல்லும் எல்லா இடத்திலும் இதையே போடுகிறோம். 'பஸ் டோல்கேட்டை கிராஸ் பண்ணிடுச்சு' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கினாலும் நம் நாட்டுக்குள் செல்லும். வெளிநாட்டுக்காரருக்கு அது நெருடும். பக்கத்தில் கடந்து போனதற்கு அவர் பாஸ் என்றுதான் சொல்வார்.

கடப்பதற்கு டிராவர்ஸ் என்றும் ஒன்று உண்டு, ஆனால் அது பெரிய மனுஷ வார்த்தை. சர்வேக்காரர்களும் மலையேறுபவர்களும் வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் பாஸ்தானே சரி? அதைத்தான் பலரும் பரிந்துரைப்பார்கள். எனக்கு ஒத்துவராமல் போனது துறைமுக கேட்டில். டிரெய்லர் ஜீரோ கேட் வழியாக உள்ளே போய்விட்டது என்றால் 'பாஸ்டு த்ரூ தி கேட்'. அவசரத்தில் அந்த த்ரூ விட்டுப்போனால் 'பாஸ்டு தி கேட்' என்று நிற்கும். இலக்கணப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அர்த்தம் வேறு: வண்டி கேட்டுக்கு முன்னால் ஓடிப் போய்விட்டது, உள்ளே நுழையவில்லை. கன்டெய்னர் துறைமுகத்துக்குள் இருக்கிறதா, எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசையில் நிற்கிறதா என்பதுதான் ஏஜென்டுக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம். அதையே ஒரு சின்னச் சொல் தலைகீழாக்கிவிடுகிறது. வாக்கியம் சுத்தமாக இருப்பதால் படிப்பவர் திருப்பிக் கேட்கவும் மாட்டார்.

'கோ'வில் அதே த்ரூ விட்டுப்போகட்டும். 'வென்ட் தி கேட்' என்று வரும். பார்த்தவுடனே எதுவோ குறைகிறது என்று தெரிந்துவிடும். அனுப்புமுன் நமக்கே உறுத்தும். தப்பித்துப் போனாலும் அவர் 'த்ரூவா, பாஸ்ட்டா?' என்று கேட்டு எழுதுவார். தப்பு நேர்ந்தால் மறைந்துகொள்ளாத வினை அது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அதன் கட்சி.

இன்னொரு வசதியும் உண்டு. த்ரூ, அக்ராஸ், அலாங் மூன்றையும் பழகிவிட்டால் வாக், ரன், டிரைவ் எதோடும் கோத்துக்கொள்ளலாம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'வாக் அக்ராஸ்' என்றால் எதிர்சாரி ஜவுளிக்கடைக்குப் போவது. 'வாக் அலாங்' என்றால் ரோட்டோடு நெடுக நடப்பது. தீபாவளி நெருக்கத்தில் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருவதற்கு 'வாக் த்ரூ'. எப்படிப் போனோம் என்பதை வினை சொல்கிறது, எந்த வாக்கில் போனோம் என்பதைக் கூட வரும் சொல் சொல்கிறது. மொழியியலாளர் லெனர்ட் டால்மி உலக மொழிகளை இதை வைத்தே வகை பிரித்தார்: ஆங்கிலம் போகும் வழியைத் துணைச்சொல்லில் வைக்கும், ஸ்பானிஷ் வினையிலேயே வைத்துவிடும். நாமும் 'ஓடிக் கடந்தான்' என்று வழியை வினையில் வைப்பவர்கள்தான். கிராஸ் நம் கைக்கு முதலில் வருவதற்கு அதுவும் காரணம் என்பது என் ஊகம்.

'கோ'வுக்குப் பராமரிப்புச் செலவு இல்லாமல் இல்லை. கோ, வென்ட், கான் மூன்றும் மூன்று திசை. 'ஹேஸ் வென்ட்' என்று எழுதுபவர்களை எந்த ஆபீஸிலும் பார்க்கலாம். அப்புறம், 'வென்ட் த்ரூ' வண்டிக்கு மட்டும் உரியதல்ல. பணம் போய்ச் சேர்ந்தாலும் வென்ட் த்ரூ, பேப்பர்களைப் புரட்டிப் பார்த்தாலும் வென்ட் த்ரூ. அதனால் டிரெய்லர் நம்பரையும் கேட் பெயரையும் அதே வரியில் போட்டுவிடுவது நல்லது.

கடல் பக்கம் எனக்குப் பழக்கம் கம்மி. அங்கே கப்பல் கம்பெனிகள் எழுதுவதையே பின்பற்றுகிறேன். சூயஸ் கால்வாயை நீளவாக்கில் கடந்து வந்த கப்பலுக்கு அவர்கள் போடும் வினை டிரான்சிட். அந்த இடத்தில் கிராஸ் போட்டால், கப்பல் எகிப்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் படகு மாதிரி போய்வந்ததாக ஆகிவிடும்.