ரவுட்டர் போய் உட்கார்ந்த 13ஆம் சேனல்

கும்பகோணத்தில் இருந்த மூன்று வாரத்தில் கல்யாணம், கோயில் எல்லாம் அது அது பாட்டுக்கு நடந்தது. மனதில் நிற்பது லேப்டாப் விவகாரம்தான்.

நியூஜெர்சியில் கிளம்புவதற்கு முந்தின வாரம் வாங்கிய புது லேப்டாப். இங்கே அப்பாவின் மொபைலில் வைஃபை வருகிறது, ஹால் டிவியில் அம்மாவின் சீரியல் ஓடுகிறது. என் லேப்டாப்பில் மட்டும் எங்கள் வீட்டுப் பெயரே இல்லை. எதிர்வீடு, மாடி வீடு, மூன்றாம் வீட்டு டாக்டர் என்று தெருவே வரிசையாக நிற்கிறது!

"பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பையும் அப்படியே. கஸ்டமர் கேரில் கால் மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு கிடைத்த யோசனை, "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." அந்தக் கால டயல்-அப்பே தேவலை, கரகரவென்று சத்தமாவது வரும்.

கடைசியில் அப்பா கேபிள்காரப் பையனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. இருபது நிமிஷத்தில் வாசலில் பைக் சத்தம். அங்கே என்றால் வியாழக்கிழமை 8 மணியிலிருந்து 12 மணிக்குள் வருவோம் என்பார்கள், நாம் லீவு போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பையன் லேப்டாப்பைத் தொடவே இல்லை. "அமெரிக்காவுல வாங்கினதாண்ணே? போன மாசம் ஒரு வீட்ல இதே கதை." ரவுட்டரைக் கவிழ்த்து ஸ்டிக்கரில் பாஸ்வேர்டைப் பார்த்தான். தன் மொபைலில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்தான். சேனல், அதாவது வைஃபை ஓடுகிற அலைவரிசையின் எண், ஆட்டோவில் இருந்திருக்கிறது, ரவுட்டர் தானாகப் போய் 13இல் உட்கார்ந்துவிட்டது. அதை 6க்கு மாற்றினான். அரை நிமிஷத்தில் பெயர் வந்தது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல் உண்டு. அமெரிக்காவில் 11உடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே விற்கிற லேப்டாப் பலவற்றின் கண்ணுக்கு 12ம் 13ம் தெரியாது. கம்ப்யூட்டரில்தான் எனக்குச் சோறு, ஆனாலும் இது தெரிந்திருக்கவில்லை.

"எவ்வளவுப்பா?"

"இதுக்கெல்லாமாண்ணே?"

அம்மா கொடுத்த காபியை ஆற்றிக் குடித்துவிட்டுக் கிளம்பினான். பைக் தெருமுனை தாண்டியிருக்காது, கரண்ட் போனது. ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து விளக்கு வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். 6இலேயே இருந்தது.