ஒலிப்பதிவுக்கு இந்த மடிக்கணினியை வாங்கலாமா? நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

தேவகோட்டையிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, "அயித்தான், நீங்க வச்சிருக்கிற அதே லேப்டாப்புக்கு விலை நல்லா இறங்கியிருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டார். ஊரிலுள்ள பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைக்கும் வேலையில் அவரும் இப்போது இறங்கியிருப்பதால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன். செயலி, நினைவகம், திரை அளவு முதலிய விவரங்கள் எல்லா விற்பனைத் தளங்களிலும் கிடைக்கின்றன. அவற்றைத் திரும்ப எழுதப் போவதில்லை. நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் தொல்லை வேறு பல நிறுவனங்களின் கணினிகளிலும் வேறு வேறு பெயர்களில் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணினி சத்தம் போடாது. செட்டிநாட்டு வீடுகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். தரை ஆத்தங்குடிக் கல், சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த வழுவழுப்பான பூச்சு, மேலே உயர்ந்த கூரை. ஒலியை உள்வாங்கிக்கொள்ளும் பொருள் எதுவுமே இல்லாத அப்படிப்பட்ட கூடத்தில், கணினியின் சிறிய விசிறி சுழலும் ஓசைகூடச் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்து மைக்கில் விழும். பாயும் மெத்தையும் அடுக்கி வைத்திருக்கும் உள்ளறைக்குப் போனால் எதிரொலி அடங்கும், ஆனால் அங்கே இடம் குறைவு என்பதால் கணினி பேசுபவரின் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இரண்டு இடங்களிலும் என் பதிவுகளில் கணினியின் இரைச்சல் கேட்டதில்லை, ஏனென்றால் ஒலிப்பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது இதன் விசிறி பெரும்பாலும் சுழல்வதே இல்லை. விசைப்பலகையும் நன்றாக இருக்கிறது. மின்கலம் ஒரு முழுப் பிற்பகலுக்குத் தாங்குகிறது.

இனித் தொல்லைக்கு வருகிறேன். நான் பதிவுக்குப் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றுவரை இலவசமாகக் கிடைத்துவரும் ஒடாசிட்டி என்னும் மென்பொருள். கானாடுகாத்தானில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி, 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன தம் அப்பச்சி (அப்பா) கால்நடையாகவே ஊர் திரும்பியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் யூஎஸ்பி வழியாக இணைந்திருந்தது. பதிவைக் கேட்டுக்கொண்டிருந்த ஹெட்போனின் பின் சற்றுத் தளர்ந்ததால் அதைக் கழற்றிச் சரியாகச் செருகினேன். செருகிய அந்த நொடியில் ஒடாசிட்டி எந்த எச்சரிக்கையும் காட்டாமல் திரையிலிருந்து மறைந்தது. என் முகம் மாறியதைப் பார்த்த ஆச்சி, "என்னப்பா, மொதல்லேருந்து சொல்லணுமா?" என்று கேட்டார். அந்த வயதில் ஒருவர் மனம் இளகிச் சொல்லும் ஒன்றை, இயந்திரம் நின்றுவிட்டது என்பதற்காகத் திரும்பச் சொல்லச் சொல்வது முறையே ஆகாது. இந்தக் கணினியின்மேல் எனக்குள்ள கோபம் முழுவதும் அங்கே தொடங்குகிறது.

ஒலிப்பதிவு மென்பொருள் 'கிராஷ்' ஆகிறது என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன; மூன்றுக்கும் மருந்து வேறு. மென்பொருள் திறந்தபடியே இருக்கப் பதிவு மட்டும் சத்தமில்லாமல் நின்றுவிடுவது ஒன்று. திரை வெளிறி, எந்தப் பொத்தானுக்கும் அசையாமல் உறைந்துவிடுவது மற்றொன்று. மென்பொருளே முற்றிலும் மறைந்துவிடுவது மூன்றாவது. எது நடந்தது என்று முதலில் பிரித்துப் பார்க்காமல் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவிக்கொண்டே இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை.

பதிவு நின்றுவிடுவது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மின்தடையோடு சேர்ந்து வரும். மின்சாரம் போனதும் கணினி மின்கலத்துக்கு மாறுகிறது, உடனே மின்சேமிப்பு விதிகளும் மாறுகின்றன. ஓய்விலிருப்பதாக எண்ணிக்கொண்டு யூஎஸ்பி செருகுவாய்க்குப் போகும் மின்சாரத்தை விண்டோஸ் நிறுத்திவிடலாம், அப்போது மைக் துண்டிக்கப்படும். மின்கலம் பழுது என்று நினைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற அமைப்பை, மின்கலத்தில் ஓடும்போதும் மின்சாரத்தில் ஓடும்போதும் சேர்த்தே அணைத்துவிட வேண்டும். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சேமிப்புக்காக இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதிக் குறியை எடுத்துவிட வேண்டும். இவ்வளவு செய்தபின் பதிவு நடுவில் நிற்பது எனக்கு ஓய்ந்துவிட்டது.

உறைந்துபோவதற்குக் காரணம் கோப்பு வைத்திருந்த இடம். புதிய கணினிகளில் டாக்குமென்ட்ஸ் கோப்புறையே, கோப்புகளை இணையத்தில் ஏற்றி வைக்கும் ஒன்டிரைவ் என்ற மேகச் சேமிப்பின் கட்டுப்பாட்டில் இருப்பது வழக்கமாகிவிட்டது. ஒடாசிட்டி தன் இயல்பான 32 பிட் அமைப்பில், 44,100 ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரே தடத்தில் பதிவு செய்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 635 எம்பி எழுதுகிறது. எழுதிக்கொண்டிருக்கும் அதே கோப்பை மேகச் சேமிப்பு மேலே ஏற்ற முயன்றால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறை உண்டாக்கி அங்கேயே பதிவு செய்து, வேலை முடிந்தபின் மற்ற இடங்களுக்கு நகலெடுப்பதே சரி. பென்டிரைவில் நேரடியாகப் பதிவு செய்வதும் கூடாது.

மூன்றாவது கோளாறுதான் என்னை வாட்டியது. சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். நினைவகத்தை மாற்றினார்கள், பிறகு தாய்ப்பலகையையே மாற்றினார்கள்; உத்தரவாதக் காலம் என்பதால் பணம் கேட்கவில்லை, மரியாதையாகவும் நடந்துகொண்டார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் திரும்பி வந்த கணினியிலும் ஹெட்போனைச் செருகியதும் ஒடாசிட்டி மறைந்தது. விலை கொடுத்து வாங்கும் வேறொரு ஒலிப்பதிவு மென்பொருளை நிறுவிப் பார்த்தால் அதுவும் அப்படியே மறைந்தது. இரண்டு மென்பொருள்கள் ஒரே இடத்தில் விழுகின்றன என்றால் குற்றம் அவற்றினுடையதாக இருக்க முடியாது.

விடை கணினிக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் என்ற பகுதிக்குப் போனால், மென்பொருள் மறைந்த நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியோடு 'அப்ளிகேஷன் எரர்' என்ற வரி இருக்கும். அதன் விவரத்தில் 'ஃபால்டிங் அப்ளிகேஷன்' என்ற இடத்தில் ஒடாசிட்டியின் பெயர் இருக்கிறது. பெரும்பாலானோர் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டு மென்பொருளைத் திட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அடுத்து வரும் 'ஃபால்டிங் மாட்யூல்' என்ற இடத்தையும் படிக்க வேண்டும். என் கணினியில் அங்கே இருந்தது, கணினி நிறுவனமே சேர்த்து அனுப்பிய ஒலி மேம்பாட்டுச் செயலியின் டிஎல்எல் கோப்பு (பிற மென்பொருள்களுக்குள் ஏறி ஓடும் துணைக் கோப்பு). திரைப்படம் பார்க்கும்போதும் விளையாடும்போதும் ஒலியைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக அந்தச் செயலி, ஒலியைத் தொடும் மென்பொருள் எதுவாயினும் அதனுள் தன் கோப்பை நுழைத்துவிடுகிறது. ஹெட்போன் செருகப்பட்டதும் அது விழித்துக்கொண்டு, தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொடுகிறது; உடனே விண்டோஸ் அந்த மென்பொருள் முழுவதையும் நிறுத்திவிடுகிறது. ஒலியை மேம்படுத்த வந்தது ஒலிப்பதிவையே அழிப்பது, வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி உண்டு. எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு, எஞ்சியவை அனைத்தையும் அணைத்து, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும். அந்த நிலையில் ஹெட்போனை எத்தனை முறை செருகி எடுத்தாலும் பதிவு தடையின்றி ஓடியது. பிறகு அணைத்த சேவைகளை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்துப் பார்த்தபோது, ஒலி மேம்பாட்டுச் சேவை வந்ததும் பழைய தொல்லை திரும்பியது. இனிச் சந்தேகத்துக்கு இடமில்லை என்று அப்போதுதான் அமைதியானேன்.

அந்த அமைதி நிலைக்கவில்லை. செயலியை நீக்கினால் ஒழிந்தது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் அதன் வேர் டிவைஸ் மேனேஜரில் 'சாஃப்ட்வேர் காம்போனென்ட்ஸ்' என்ற தலைப்பின்கீழ்த் தனியாக இருக்கிறது. அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒலி டிரைவரோடு (ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளோடு) சேர்த்து அந்தப் பாகத்தையும் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல், பழைய இடத்திலேயே மீண்டும் வைத்துவிடுகிறது. நான் நீக்கினேன், அது வந்தது. சேவையை முடக்கினேன், புதுப்பிப்புக்குப் பின் உயிர்பெற்றது. பணம் கொடுத்து வாங்கிய பொருளில் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை வேண்டாம் என்றே வைத்திருக்க வாங்கியவருக்கு உரிமை வேண்டாமா? நிறுவனத்துக்கு மின்னஞ்சலும் அனுப்பினேன். டிரைவரைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு பதில் வந்தது. அந்தப் புதுப்பிப்புதானே தொல்லையைக் கொண்டுவருகிறது.

இப்போது நான் செய்திருப்பது இது. டிவைஸ் மேனேஜரில் ஒலிக் கருவியின் டிரைவரைப் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கும் வழியில் போய், நிறுவனத்தின் டிரைவருக்குப் பதிலாக 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரை வைத்தேன். கணினியின் உள் மைக்கில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி இதனால் போய்விட்டது. சில கணினிகளில் உள் மைக்கே வேலை செய்யாமல் போகலாம். வெளி மைக்கில் பதிவு செய்பவர்களுக்கு அது இழப்பே இல்லை. விண்டோஸின் புரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் புதுப்பிப்புகளோடு டிரைவர்கள் வராதபடி குரூப் பாலிசி என்ற அமைப்புப் பகுதியில் தடுத்துவிடலாம். என்னுடையது ஹோம் பதிப்பு, அதில் அந்த வசதி இல்லை. ஆகவே பதிவுக்குப் போகும் வாரங்களில் புதுப்பிப்பை நிறுத்திவைக்கிறேன். விண்டோஸ் 11 ஐந்து வாரம் வரை அதற்கு இடம் தருகிறது. வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஒரு சோதனைப் பதிவை ஓடவிட்டு, ஹெட்போனைச் செருகி எடுத்துப் பார்க்கிறேன்.

இத்தனை எரிச்சலுக்கு நடுவே எனக்கு மகிழ்ச்சி தந்தது ஒடாசிட்டிதான். 2021இல் வந்த மூன்றாம் பதிப்புக்கு முன்பு, ஒரு பதிவு நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகச் சிதறிக் கிடக்கும். ஒன்று காணாமற்போனாலும் பேச்சில் ஓட்டை விழும். இப்போது எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே கோப்பில் தரவுத்தளமாக எழுதப்படுகிறது. கானாடுகாத்தானில் மறைந்த பதிவை மென்பொருளை மீண்டும் திறந்தபோது, மீட்கலாமா என்று அதுவே கேட்டது. மீட்டேன். அப்பச்சி வழியில் யாரோடு சேர்ந்து நடந்தார், எங்கே தண்ணீர் கிடைத்தது என்று ஆச்சி சொன்னது முழுவதும் இருந்தது. 'ரங்கூன்' என்ற சொல்லின் 'ரங்' வரை கேட்டு, அங்கே அலைவரி அறுந்திருந்தது. தொடர்ந்து வர வேண்டிய ஓரிரு சொற்கள்தான் போயின. ஆச்சியை முதலிலிருந்து சொல்லச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மென்பொருள் மறைந்தபின் கோப்புறையைத் திறந்தால், உங்கள் கோப்பின் பெயரோடு '-wal' என்ற ஆங்கில எழுத்துகளில் முடியும் இன்னொரு கோப்பும் பக்கத்தில் இருக்கலாம். தேவையற்றது என்று அதை அழித்துவிடாதீர்கள், முதன்மைக் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தவும் செய்யாதீர்கள். கடைசியாக எழுதப்பட்ட ஒலி அதற்குள் இருக்கக்கூடும். இரண்டையும் அதே இடத்தில் விட்டுவிட்டு ஒடாசிட்டியைத் திறந்து மீட்டுக்கொள்ளுங்கள். மீட்டதும் முதல் வேலையாகச் சேமித்து, எந்த மென்பொருளிலும் திறக்கும் டபிள்யூஏவி (WAV) ஒலிக்கோப்பாகவும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

மைத்துனருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். அமைதியான விசிறி, நல்ல விசைப்பலகை, பணம் வாங்காத பழுதுபார்ப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன். முதிய ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணின் ஓரம் கணினித் திரையிலேயே நிலைத்திருப்பது பெரிய வேதனை. அவருக்கு வேறொரு நிறுவனத்தின் கணினியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அதையும் சோதனைப் பதிவு ஓடும்போது ஹெட்போனைச் செருகிப் பார்த்த பிறகே வாங்கச் சொல்லியிருக்கிறேன். என்னுடையதை நான் விற்கப் போவதில்லை. பொது டிரைவரை வைத்தபின் அது ஒழுங்காக ஓடுகிறது. அடுத்த பதிவு பள்ளத்தூரில். அதற்குள் புதுப்பிப்பை நிறுத்திவைத்துவிட்டு, கைப்பேசியையும் இரண்டாவது பதிவுக் கருவியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.